மயிலிறகுச் சாமியாரின் உள்ளங்கால்

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. சேரம்பாடி தேயிலை எஸ்டேட்டை விட்டுப் பேய்கள் மட்டும் போக மனசில்லாமல் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிவிட்டன. அவற்றை விரட்டத்தான் மயிலிறகுச் சாமியார் மலையேறி வந்திருந்தார். அடேயப்பா, என்ன கூட்டம்! கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நிற்க இடமில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நமக்குள் பேதம் கிடையாது.

சாமியாரின் வித்தை இதுதான். முதலில் தம் உள்ளங்காலைத் தாமே மயிலிறகால் வருடிக்கொள்வார். முகம் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். தம் உடம்பில் பேய் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சியாம். பிறகு வந்தவர்களின் காலை வருடுவார். அவர்கள் நெளிந்து, குலுங்கி, சிரித்து உருளுவார்கள். சிரித்தால் பேய். பேய் என்றால் கோழி காணிக்கை. எஸ்டேட்டில் சேவல் கூவி நாளாயிற்று.

சுலோச்சனாவுக்கு வந்தது வினை. கொழுந்து பறிக்கும் அவள் சும்மாவே சிரிப்பாள். வேலை வாங்கும் கங்காணி குப்புசாமி சேற்றில் வழுக்கி விழுந்தால் கேட்கவே வேண்டாம். மயிலிறகு பட்டதும் அவள் போட்ட சிரிப்பில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. பேய் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது, ஆட்டைக் கொண்டு வா என்றார் சாமியார். அவள் கைக்குழந்தை குடிப்பதே அந்த ஆட்டின் பாலைத்தான். கொடுக்காவிட்டால் வேலை கிடையாது என்று கங்காணி சொல்லிவிட்டான். தான் விழுந்ததற்கு அவள் சிரித்த கோபம் அவனுக்கு.

சுலோச்சனா ஒரு நாள் தவணை கேட்டு வீடு திரும்பினாள். சிரிக்காமல் இருந்து காட்டினால் ஆடு தப்புமே என்று வீட்டில் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். கோழி இறகால் தன் காலைத் தானே வருடினாள். சிரிப்பு வரவில்லை. மறுபடி வருடினாள். ஊஹூம். அட, பேய் போய்விட்டதே என்று பூரித்த நேரத்தில் ஆடு வந்து அவள் காலை நக்கியது. ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து எல்லாரும் காலில் உப்புத் தேய்த்துக்கொள்ளும் மழைக்காலம். ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

சிரித்து முடித்துவிட்டு யோசித்தாள். தன் கை எங்கே படப்போகிறது என்று உடம்புக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது, அதனால் கூசவில்லை. அடுத்தவர் தொட்டால் தெரியாது, கூசுகிறது. இதில் பேய்க்கு என்ன வேலை? சாமியார் தம் காலைப் பிறரிடம் நீட்டியதே இல்லையே!

மறுநாள் ஆட்டோடு கொட்டகைக்குப் போனாள். மயிலிறகை வாங்கி, எல்லார் முன்னாலும் தன் காலைத் தானே வருடிக் காட்டினாள். சிரிக்கவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஏனுங்க சாமி, உங்க கை பட்டா உங்களுக்குச் சிரிப்பு வரல. என் கை பட்டா எனக்கும் வரல. வேற யாராச்சும் உங்க காலைத் தொடட்டுமுங்க" என்றாள்.

சாமியார் காலை உள்ளே இழுப்பதற்குள் ஆடு முந்திக்கொண்டது. அவரும் அட்டைக்குப் பயந்து உப்பை அள்ளித்தான் பூசியிருந்தார். ஆடு ஒரு நக்கு நக்கியது. கல்லுப் பிள்ளையார் 'கிக்கிக்கீ' என்றது. இன்னொரு நக்கு. ஜடாமுடி ஒரு பக்கம், சாமியார் ஒரு பக்கம்.

"உங்களுக்கும் குடும்பத்தோட குடியேறியிருக்குதுங்களா?" என்று கேட்டாள் சுலோச்சனா.

கொட்டகையே சிரித்தது. கங்காணியும் சிரித்தான். சாமியார் சரிவில் இறங்கி ஓடியே போனார். அவரவர் கோழியை அவரவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சரி, புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? விடிந்ததும் கங்காணி குப்புசாமி வாழைப்பழத்தோடு சுலோச்சனா வீட்டு வாசலில் நின்றான். சாமியாரின் பேயையே கண்டுபிடித்த ஆட்டைக் கும்பிட வந்தானாம். ஆடு பழத்தை மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது, பிறகுதான் தின்றது.

"பார்த்துக்குங்க கங்காணி" என்றாள் சுலோச்சனா. "ஆடுகூட நக்கிப் பார்த்துட்டுத்தானுங்க வாயில போடுது. நாமதான் எதைக் குடுத்தாலும் அப்படியே முழுங்கறோம்."