பிளேன் அண்ணாச்சியின் குறடு

இமயம் முதல் குமரி வரை உள்ள ஸ்பானர்களுக்கெல்லாம் ஒரு தகப்பன் உண்டென்றால், அது பிளேன் அண்ணாச்சிதான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. ஸ்பானர்கள் இருந்தன.

வடக்கே ஏதோ ஊரில், விமானக் கொட்டகை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டியோடு நாகர்கோவிலில் வந்து இறங்கினார். நாகர்கோவிலில் விமானம் கிடையாது. ஆகவே எங்கள் பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். நான் அங்கே டிக்கெட் குமாஸ்தா. எங்கள் பஸ்களையும் ஆகாயத்தில் பறக்கப் போகிறவை போலவேதான் அவர் கடைசிவரை பழுது பார்த்தார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பலகை. ஸ்பானர், திருப்புளி, குறடு, சுத்தியல் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்திலேயே பள்ளம் செதுக்கியிருப்பார். வேலை முடிந்ததும் அவை தத்தம் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் பஸ் நகராது. ஒருநாள் தக்கலை பஸ் நிறையக் கல்யாண வீட்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை உள்ள இருக்காரு!" என்று டிரைவர் அலறினான்.

"மாப்பிள்ளை இருக்காரு, சரி. எனக்க சின்ன ஸ்பானர் எங்கலே?"

மாப்பிள்ளை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் நெளிந்ததை நாங்கள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கம்பி நுனியில் சிறு கண்ணாடி பொருத்திய சாமான் ஒன்றும் அவரிடம் உண்டு. எஞ்சினில் கண் எட்டாத இடத்தைப் பார்ப்பதற்கானது. ஹோட்டலில் தோசை வந்தால் அதை அடியில் நீட்டிப் பார்ப்பார்.

"அடி சிவக்கலவே. கல்லுல திருப்பிப் போடும்."

"கையால தூக்கிப் பாத்தா போதாதா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"களட்டாம பாக்கணும்வே. அதுக்குத்தானே கண்ணாடி!"

இப்படியிருக்கையில், சுசீந்திரம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நிஜமாகவே ஒரு விமானம் இறங்கிவிட்டது. ஒரு வெள்ளைக்காரத் துரை மட்டும் ஓட்டி வந்த சின்ன விமானம். நடுவானில் எஞ்சின் நின்றுபோய், கிடைத்த இடத்தில் இறக்கியிருந்தார். சேதி வந்ததும் ஷெட்டே காலியானது. என் சைக்கிளின் பின்னால் அண்ணாச்சி, அவர் மடியில் பெட்டி.

போனதும் அவர் நேரே விமானத்தின் மூக்குக்குப் போனார். எஞ்சின் மூடியைத் திறந்தார், கண்ணாடியை உள்ளே விட்டார், பெட்ரோல் குழாயின் மூட்டு தளர்ந்திருந்ததைக் கண்டார், முறுக்கினார், மறுபடி தளராதபடி கம்பி போட்டுக் கட்டினார். துரை கைதட்டினார். ஊரே கைதட்டியது. அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். குறடு படுக்க வேண்டிய பள்ளம் காலி.

கடல் பக்கம் மழை கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மழை முந்திக்கொண்டால் வயல் சேறாகிவிடும், விமானம் எழும்பாது. துரை பதறினார். அந்தக் காலத்து விமானத்தில் உள்ளே ஒருவர் உட்கார, முன்னால் ஒருவர் காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டால்தான் எஞ்சின் உயிர் பெறும். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர் அண்ணாச்சி ஒருவரே. அவரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

துரை இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அதில் பாதிக்குமேல் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத வார்த்தைகள்.

"துரை கொஞ்சம் அவசரத்துல இருக்காராம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"நீரு மெனக்கெட வேண்டாம்வே. இந்த ஏச்செல்லாம் வடக்க, கொட்டகையில, சம்பளத்தோட சேத்துத் தந்ததுதான்."

வயலுக்குச் சொந்தக்காரர் முன்னால் வந்தார். "ஒரு குறடுதானே? நான் பத்து வாங்கித் தாறேன். அவர விடும்."

"அந்த ஒண்ணு உள்ள கிடந்தா, பத்த வச்சு என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "அங்க ஒரு தடவை, பிளேனுக்குள்ள ஒரு திருப்புளி மறந்துபோய்க் கிடந்துது. மேல போனப்போ அது உருண்டு கம்பியில மாட்டிக்கிட்டு. சின்னப் பய ஒருத்தன் ஓட்டினான். உயிரோட இறங்கல."

இதை நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் துரைக்குச் சொன்னேன். அவர் தாமே இருக்கைக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கினார். ஊரும் வயலில் அறுத்த நெல் தாளை ஒவ்வொன்றாக விலக்கித் தேடியது. எங்கும் இல்லை. மழைக்காற்று வீச ஆரம்பித்துவிட்டது.

மணக்குடியிலிருந்து மீன் விற்க வந்து வேடிக்கை பார்த்து நின்ற ஒரு பெண், வரப்பில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "கொறடுன்னா எதைச் சொல்லுதிய?"

"முள்ளு பிடுங்கலாம், ஆணி பிடுங்கலாம், இந்த மாதிரி..." என்று அண்ணாச்சி விரலைக் கவைபோல் விரித்துக் காட்டினார்.

"ஐயோ மாதாவே! இதா? எனக்க காலுல முள்ளு குத்திச்சு, எடுத்தேன்!" கூடைக்குள்ளிருந்து, இரண்டு சாளை மீன்களுக்கு நடுவேயிருந்து, குறடு வெளியே வந்தது.

துரை வயிறு வலிக்கச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. செதிலைத் துடைத்துக் குறட்டைப் பள்ளத்தில் கிடத்தினார். "முள்ளு வந்துதா?" என்று அவளிடம் கேட்டார். வந்துவிட்டதாம்.

சந்தோஷத்தில் துரை, திருவனந்தபுரம் வரை தன்னோடு பறந்து வருகிறாயா என்று அவரை அழைத்தார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அண்ணாச்சி அன்றுவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

"வேண்டாம்னு சொல்லும்வே. நான் முறுக்கின நட்டை நான் நம்புவேன். வேற எவன் எவனோ முறுக்கினதும் அதுல உண்டும்லா!"

நான் இதை, "அண்ணாச்சிக்கு ஷெட்டில் வேலை இருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

காற்றாடியைச் சுற்றினார். விமானம் உறுமி, ஓடி, தென்னந்தலைப்புகளைத் தொட்டும் தொடாமலும் எழும்பிப் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி நின்று, சத்தம் தேய்ந்து மறையும்வரை காது கொடுத்துக் கேட்டார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளை மிதித்தபடியே கேட்டேன்: "அந்தத் திருப்புளி யாருக்குள்ளது அண்ணாச்சி?"

பின்னால் பெட்டியின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "எனக்குள்ளதுதான்."

நேர்வழி முழுக்கக் குண்டும் குழியும். நான் மழையில் நனைந்துகொண்டு, அவர் மடியில் பெட்டி குலுங்காதபடி சமதரையாகப் பார்த்துத் தெருத்தெருவாகச் சுற்றி ஓட்டினேன்.