புவனேசனைப் புரட்டிப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

"ஏங்க, நான் திருப்புறதுக்கு முன்னாடி நீங்களா திரும்பக் கூடாது. நீங்க நோயாளி," என்றாள் குணசுந்தரி.

கட்டிலில் கிடந்த புவனேசன் மறுபடியும் மல்லாந்து படுத்து, உடம்பைத் தளர விட்டான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். நல்ல கனம். அவள் அவனுடைய ஒரு முழங்காலை மடக்கினாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்துத் தன் பக்கமாக இழுத்தாள். லோரி நகர்வதுபோல மெதுவாக ஆள் புரண்டான்.

மறுநாள் சுங்கைப்பட்டாணியில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. தாதியர் உதவியாளர் பயிற்சி. எழுத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செய்முறையில்தான் போன மாதம் கோட்டை விட்டாள். பரிசோதகர்கள் எதிரே வந்து நின்று பார்த்ததும் கை கிடுகிடுவென்று நடுங்கி, சக்கர நாற்காலிக்கு பிரேக் போட மறந்துவிட்டாள். அதில் உட்கார்ந்திருந்த ரப்பர் பொம்மை தானாகவே வாசல்வரை உருண்டு போய், அப்போதுதான் உள்ளே வந்த பயிற்சி நிலையத் தலைவியின் முழங்காலில் மோதி நின்றது.

அந்த அவமானத்தை அவள் வெளியில் சொல்லவில்லை. பீடோங்குக்கு வெளியே இருந்த அந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப்பேர் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருத்தர் வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போக வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. பாஸாகிவிட்டதாகச் சொல்லி எல்லாருக்கும் கேசரிகூடக் கொடுத்துவிட்டாள். உண்மை தெரிந்தவன் புவனேசன் ஒருவன்தான்.

அதனால்தான், பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள். புவனேசன் கழுத்துவரை போர்வையில் கிடந்தான். பக்கத்தில் வெந்நீர்ப் பேசின். அவள் கையில் நனைந்த துணி.

"என்னா சுந்தரி, இவருக்கு என்னா ஆச்சு?"

பழகிப் பார்க்கிறேன் என்றால், பாஸான பிறகு என்ன பழக்கம் என்று கேள்வி வரும். "இடுப்பு பிடிச்சிக்கிச்சிக்கா. எந்திரிக்கவே முடியல," என்று சொல்லிவிட்டாள். புவனேசன் சட்டென்று ஒரு முனகலை எடுத்துவிட்டான். சமயத்தில் கைகொடுத்த புருஷனை அவள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டாள்.

அக்கா போகிற மாதிரி தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ பாட்டுக்குச் செய் என்றாள். வேறு வழியில்லாமல் குணசுந்தரி முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக அவன் கண்களைத் துடைத்தாள். சோப்பு எங்கே என்று அக்கா கேட்டாள். முகத்துக்குச் சோப்பு வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் ஒரு கேள்வி இருந்தது. நடுநடுவே கைப்பேசியில் யாருக்கோ எதையோ தட்டிக்கொண்டும் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் குவிந்தன. கோயில் தலைவர் பரஞ்சோதி அண்ணன் கையோடு, சுளுக்கு எடுக்கும் உருவுகாரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். எந்த இடுப்பாக இருந்தாலும் ஒரே இழுப்பில் சரியாகிவிடும் என்று உருவுகாரர் சட்டைக் கையை மடக்கினார். புவனேசன் முகத்தில் அப்போதுதான் நிஜமான வலி தெரிந்தது.

குணசுந்தரி குறுக்கே பாய்ந்தாள். "உருவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே. இது நரம்பு சம்பந்தப்பட்டது."

நரம்பு என்ற சொல் அவள் வாயை விட்டு இறங்கி, கூடத்தைத் தாண்டி, வாசல் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கவாதமாகிவிட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரஞ்சோதி அண்ணன் வெளியே போனார். திரும்பி வரும்போது, காலமான தன் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"படுத்தே கெடந்தா முதுகு புண்ணாயிரும். உக்கார வைலா சுந்தரி."

அறைக்குள் ஆட்கள், கூடத்தில் ஆட்கள், சன்னலிலும் தலைகள். குணசுந்தரி கையைக் கழுவினாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, முதல் வேலையாக இரண்டு பிரேக்கையும் மிதித்தாள். கால் பலகைகளை மடக்கிவிட்டாள். இப்போது உங்களை உட்கார வைக்கப்போகிறேன், வலித்தால் சொல்லுங்கள் என்று நோயாளிக்குச் சொன்னாள். அவனுடைய பாதங்களைத் தரையில் பதித்து, தன் முழங்காலால் அவன் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, தன் முதுகு வளையாமல் அவனைத் தூக்கித் திருப்பி இறக்கினாள். அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல அவன் பொத்தென்று உட்கார்ந்தான். சன்னலில் யாரோ கைதட்டினார்கள். உடனே யாரோ அதட்டி அடக்கினார்கள்.

அடுத்து ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. நோயாளியை நிமிர்த்தி வைத்து, சின்னக் கரண்டியால் ஊட்டி, விழுங்கிவிட்டானா என்று பார்த்துப் பார்த்து அடுத்த வாயைக் கொடுத்தாள். சாப்பிட்டதும் படுக்க வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார்.

"இப்ப படுக்கக் கூடாது. புரையேறும். கொஞ்ச நேரம் இப்படியே உக்காரட்டும்," என்றாள். அந்த அதிகாரக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரஞ்சோதி அண்ணன் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நேரே பெரிய ஆஸ்பத்திரி, இனிமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம் என்றார். நாலு பேர் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். புவனேசன் தலையைத் தொங்கப் போட்டபடி, ஊர்வலம் போகிற சாமியைப்போலக் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் குணசுந்தரி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எறக்கி வைங்கண்ணே. இவருக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன்." மிச்சத்தையும் கொட்டினாள். "போன மாசம் நான் பெயிலு. நாளைக்குத் திரும்பவும் பரீட்சை. அதுக்குத்தான் இவர வச்சுப் பழகிக்கிட்டு இருந்தேன்."

நாற்காலி தரைக்கு வந்தது. புவனேசன் எழுந்து நின்று சோம்பல் முறித்தான். யாரும் திட்டவில்லை. யார் முகத்திலும் ஆச்சரியம்கூட இல்லை. உருவுகாரர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செல்லாயி அக்கா மிச்சக் கஞ்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அதெல்லாம் தெரியும்லா. பத்து பேரு பாத்தா ஒனக்குக் கை நடுங்குதாம், நாளைக்கு வந்து சுத்தி நின்னு பாருங்கன்னு நேத்தே ஒன் புருசன் வீடு வீடா வந்து கூப்பிட்டுட்டுப் போனாரு."