பிளக்கைக் கழற்றிச் சமாதானம் செய்தவர்

உலகத் தலைவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டு, பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேநீருக்கு மேல் தேநீராகக் குடித்தும் செய்து முடிக்காத வேலையை, ஒரேயொரு ஸ்பானரை வைத்துக்கொண்டு செய்து முடித்த மனிதர் ஒருவர் எங்கள் கரையில் நடமாடினார். அவரை நாங்கள் பிளக்கர் என்போம்.

பிளக்கர் இலுப்பைக்கடவைக்காரர். படகு இஞ்சின் திருத்துவது தொழில். நெற்றியில் மூன்று கோடு திருநீறு, அதற்குக் குறுக்கே எப்போதும் ஒரு கோடு கிறீஸ். சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி. அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. எங்கள் விடத்தல்தீவுக் கரைக்கு வந்தால் இரண்டு காலையும் மணலில் தேய்த்துக்கொண்டு வந்து, யாருடைய வேலியிலாவது சாய்ந்துதான் நிற்பார்.

“அண்ணை, ஊர் இஞ்சினெல்லாம் திருத்துறியள். உங்கட பிரேக்கைத் திருத்தக் கூடாதோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் ஆரோடையும் கோபமில்லைத் தம்பி. எனக்கு ஒண்டும் நடக்காது.”

இதுதான் அவருடைய வேதம். கோபக்காரன் ஏறின படகின் இஞ்சின் நடுக்கடலில் நிற்கும். இஞ்சின் பழுதாவது எண்ணெயால் அல்ல, உப்புத் தண்ணீரால் அல்ல, மனிதர் மனத்தில் வைத்திருக்கும் வன்மத்தால். இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. கத்தோலிக்கரான நாங்கள் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்வதுபோலக் கண்ணை மூடிச் சொல்வார்.

ஒருமுறை ஒருவருடைய இஞ்சின் கடலில் நின்று, கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். பிளக்கர் கழற்றிப் பார்த்தார். மண்ணெண்ணெய்க்குள் தண்ணீர்.

“பாத்தியளே அண்ணை, தண்ணிதான். கோபமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை” என்றார் படகுக்காரர்.

“தண்ணி எப்பிடி உள்ளுக்க போனது?”

“மண்ணெண்ணெய்க் கானின்ர மூடியை இறுக்க மறந்துபோனன்.”

“ஏன் மறந்தனி?”

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். “விடிய மச்சானோட சண்டை கொழுவிப்போட்டு வந்தனான்…”

பிளக்கர் ஸ்பானரை மணலில் போட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவரோடு தர்க்கம் பண்ண எவருக்கும் துணிவு வரவில்லை.

அந்த நம்பிக்கையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இந்த உலகத்தில் சண்டையைக் குறைக்கத்தான் கடவுள் தன் கையில் ஸ்பானரைத் தந்தார் என்று முடிவுகட்டிவிட்டார். “உலகத்தைத் திருத்த என்னால ஏலாது. பத்துக் கட்டைத் தூரத்துக்குள்ள கிடக்கிற இஞ்சினுகளத் திருத்தலாம்தானே” என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. திருத்த வந்த இஞ்சினிலிருந்து, நெருப்புப் பொறி கொடுக்கிற அந்தச் சின்னப் பிளக்கைக் கழற்றுவார். அது இல்லாமல் இஞ்சின் ஓடாது. அதைத் தாளில் சுற்றி வலை நூலால் கட்டி, இஞ்சின்காரர் யாரோடு கோபமோ அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். பிளக் வேண்டுமென்றால் எதிரியின் வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டும்!

மனைவியை ஏசிவிட்டு வந்தவரின் பிளக் மனைவியிடம் போகும். அப்படி ஒரு மனிசி மூன்று நாள் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்து, புருசன் தண்ணீர் அள்ளித் தந்து, விறகு கொத்தித் தந்து, கடைசியில் பூனைக்கும் சோறு வைத்த பிறகுதான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

எங்கள் கோயில் பாதிரியாரான சுவாமியைக்கூட விடவில்லை. சுவாமியின் மோட்டார் சைக்கிள் பழுதென்று கூப்பிட்டார்கள். திருத்தினார், கும்பிட்டார், போய்விட்டார். பிளக்கைக் காணவில்லை. அடுத்த முறை வந்தபோது சுவாமி அவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான் குருவானவர். நான் ஆரோட கோபம்?”

“எனக்கென்ன தெரியும் சுவாமி? மூப்பரோட நாலு ஞாயிறா முகம் குடுத்துக் கதைக்கேல்லையெண்டு சனம் சொல்லுது.”

கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரின் வீட்டுக்குச் சுவாமி வெயிலில் நடந்து போனதை ஊரே வேலிக்கு மேலால் பார்த்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. அதைப் போல நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் முறை வரும்வரைக்கும்.

நானும் என் அண்ணனும் மூன்று வருடம் பேசாமல் இருந்தோம். தண்ணீருக்குள் சுழலும் என் இஞ்சின் விசிறி அவருடைய நண்டு வலையை அறுத்துவிட்டது. நான் இல்லையென்றேன். அவர் நீதான் என்றார். அவ்வளவுதான். ஆனால் அண்ணனின் மூத்த மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அந்த வருடம் பிள்ளைக்குப் புதுநன்மை. ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்காமல் அவள் எப்படிப் போய் முதல்முதலாக நற்கருணை வாங்குவாள்? என் மனைவி தினமும் இதைத்தான் கேட்டாள். எனக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் முதலில் அண்ணன் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

புதுநன்மைக்கு ஒரு கிழமை இருக்க, பிளக்கர் கரையிலிருந்த எல்லா இஞ்சினையும் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்ட வந்தார். வேலை முடிய என் கையில் ஒரு பொதியை வைத்தார்.

“இது உன்ர அண்ணன்ர பிளக். உன்ர பிளக் கொண்ணன்ட்டக் கிடக்கு.”

“அண்ணை, எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம்!”

“எனக்கும் விளையாட நேரமில்லைத் தம்பி” என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் விடுவேனா? பஸ் ஏறி மன்னாருக்குப் போனேன், புதுப் பிளக் வாங்க. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“விடத்தல்தீவோ? தமையனோட கோபக்காரரோ?”

“ஓம்… ஏன்?”

“உங்களுக்குக் குடுக்க வேண்டாமெண்டு பிளக்கர் சொல்லியனுப்பினவர். அவர்தான் எனக்கு ஆள் அனுப்புறவர், அவர் சொல்லைத் தட்டினா என்ர கடை ஓடாது. குறை நினையாதேங்கோ.”

பிறகென்ன, துடுப்புத்தான். நான் வலித்துக்கொண்டு போனால், நாலு பாகத் தூரம் தள்ளி அண்ணனும் வலித்துக்கொண்டு வருகிறார். இஞ்சின் இருக்க இரண்டு பேரும் துடுப்பு வலிக்கிற கண்காட்சியைப் பார்க்கக் கரையில் சனம். “ஆர் முந்திறியள் எண்டு பாப்பம்!” என்று விசில் வேறு. நாலு நாளில் உள்ளங்கை கொப்புளித்து, செபமாலை மணியைக்கூட உருட்ட முடியவில்லை.

சனிக்கிழமை மாதா சுருபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். “தாயே, அண்ணனுக்கு நல்ல புத்தியைக் குடும்” என்று தொடங்கினேன். பக்கத்தில் முழங்காலில் நின்ற மனைவி சொன்னாள்: “அங்க அவரும் இப்ப இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். தாய் ஆரின்ர பக்கம் நிக்கிறது?”

எழும்பினேன். பொதியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் நின்று, கையில் கொப்புளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“உங்கட வலையை வெட்டினது என்ர விசிறிதான்” என்றேன். மூன்று வருடமாகத் தொண்டையில் கிடந்த சொல், ஒரு மூச்சில் வந்துவிட்டது.

அண்ணன் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தார். “வலைக்கு நான் அடையாளக் கொடி கட்டேல்லையடா” என்றார் பிறகு. “எல்லாருக்கும் சொன்னனான், கட்டினதெண்டு.”

நான் பொதியை நீட்டினேன். அவர் நூலை அறுத்துத் தாளை விரித்தார். முகம் மாறியது.

“இதென்னடா? நீலப் பெயின்ற் அடையாளம் போட்டிருக்கு. இது உன்ர பிளக்கெல்லோ!”

உள்ளே ஓடிப்போய்த் தன்னிடமிருந்த பொதியைக் கொண்டுவந்து பிரித்தார். அதற்குள் அவருடைய பிளக்! பிளக்கர் அவசரத்தில் பொதிகளை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவரவர் பிளக் அவரவர் வீட்டிலேயே இருக்க, நாங்கள் நாலு நாள் கை கிழியத் துடுப்பு வலித்திருக்கிறோம். அண்ணன்ர சாமானை நான் ஏன் திறந்து பார்க்கவேண்டும் என்று நான். தம்பியின்ர சாமானை நான் ஏன் தொடவேண்டும் என்று அவர்.

அண்ணன் முற்றத்து மணலில் குந்தியிருந்து சிரித்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். அண்ணி தேத்தண்ணியோடு வந்து, இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து, கோப்பைகளை மணலில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் பிள்ளை வெள்ளை உடுப்பில் நின்றாள். அவள் தோளில் கொப்புளக் கையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். கோயிலின் கடைசி வரிசையில் பிளக்கர். அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் எழும்ப அவர் உட்கார்ந்தார், நாங்கள் உட்கார அவர் எழும்பினார், நாங்கள் முழங்காலில் நிற்க அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

பூசை முடிய வெளியில் வைத்துப் பொதி மாறின கதையைச் சொன்னேன். மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று.

“ஐயோ தம்பி! இருபது வருசத்தில நான் ஒருக்காவும் பிளக் மாறிக் குடுத்ததில்லை. என்ர தொழிலுக்கே வெட்கம். ஆருக்கும் சொல்லிப்போடாதை.”

சமாதானமானது அவர் கணக்கில் வரவே இல்லை. பிளக் மாறினதுதான் அவருக்குக் கவலை. அதனால் அவர் இருக்கும்வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இரவுச் செபத்தில் எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணனின் பெயருக்கு அடுத்ததாகப் பிளக்கரையும் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. பிளக்கர் என்றுதான் சொல்கிறேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.