ஊரடங்கில் ஓடிய சைக்கிள்

பின்சில்லு நிற்கவே இல்லை. தலைகீழாக நிறுத்திவைத்த சைக்கிளில், யாரும் தொடாமலே அது 'விர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. வாப்பா அதைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி.

"நிப்பாட்டுங்க! றோட்டுக்குக் கேக்கப் போகுது!" உம்மா மூச்சுக்குள்ளேயே கத்தினார்.

"நான் எங்க ஓட்டுறேன், கைரியா? அது தானா ஓடுது!"

கடையும் வீடும் எங்களுக்கு ஒன்றுதான். முன்னறையில் சைக்கிள் திருத்தும் கடை, பின்னால் நாங்கள் மூன்று பேர். பலகைக் கதவுகளைப் பூட்டி, லைட்டுகளை அணைத்து, இரண்டு நாட்களாக உள்ளே கிடந்தோம். வெளியே மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கிப் பேசுவது கேட்டது. ஊரடங்கு நேரத்தில் கூட்டமாக வருகிறவர்கள் நலம் விசாரிக்க வருவதில்லை.

வாப்பா பாய்ந்து சைக்கிளைத் தூக்கினார். சில்லு மெல்ல நின்றது. பெருமூச்சு விட்டுக் கீழே வைத்தார். விர்ர்ர்.

திரும்பத் தூக்கினார். நின்றது. வைத்தார். விர்ர்ர்.

"யா அல்லாஹ், இதில ஜின் ஈக்குது" என்றார் உம்மா.

"ஜின்னுக்கு எனத்துக்கு சைக்கிள்?"

"கண்டி மலையில ஏறி எறங்கினா அதுக்கும் கால் நோகாதா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. தலையணையைக் கடித்துக்கொண்டேன். வாப்பா அந்தப் பாரத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றார். காலடிகள் எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றன. ஒருவன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இன்னொருவன் "மே கடே நெவேய்" என்றான். இந்தக் கடை இல்லை.

போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் றோட்டின் கீழ்ப்பக்கமிருந்து புகை நாற்றம் வந்தது. ஹுஸைன் நாநாவின் துணிக்கடை. நல்லவேளை, அவர்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போயிருந்தார்கள்.

"ஏன் நம்மள உட்டுட்டுப் போனானுகள்?" என்று உம்மா கேட்டார்.

"சத்தம் கேட்டுப் பயந்திருப்பானுகள்" என்றார் வாப்பா, சைக்கிளை இறக்காமலே.

அந்த சைக்கிள் விஜேகோன் மஹத்தயா என்ற சிங்களப் பெரியவருடையது. பல்லேகலையில் ஒரு பெக்டரியில் மெனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சந்தியில் அவரைக் கண்டால் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கரண்ட் சைக்கிள் அது. ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில், நடுக்குழாய்க்குள் பெட்டரி. ஞாயிற்றுக்கிழமை காலை அவரே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஹலீம் முதலாளி, கியர் மாத்தினா 'கடக்'னு இழுக்குது. சீட்டும் குத்துது. இழுக்காமல், குத்தாமல் செய்து தாங்க."

"நாலு நாள் மஹத்தயா! வியாழக்கிழமை வாங்க. வெண்ணெய் மாதிரி வழுக்கும்."

வாப்பா கரண்ட் சைக்கிளைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரிக்கத் தொடங்கிய கலவரம் எங்கள் றோட்டுக்கும் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். வாப்பாவுக்கு நித்திரை இல்லை. கடை எரியுமோ என்பதைவிட இந்த சைக்கிள்தான் அவரைத் தின்றது.

"யோசிச்சுப் பாருங்க. இந்தக் கிழமை பாத்து ஒரு சிங்கள மஹத்தயாட விலைகூடின சாமானப் பழுதாக்கிட்டான்னு கத வந்தா? அது ஒண்டு போதும். கடைய மட்டுமா எரிப்பானுகள்?"

வியாழனுக்குள் திருத்தியே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், கியரில் வாப்பாவுக்கு ஒரு கோளாறும் கேட்கவில்லை. மிதியைச் சுற்றினார், மாற்றினார். சங்கிலி ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் பூனை மாதிரி நடந்து போனது.

"டொக்டரக் கண்டதும் காய்ச்சல் ஓடிப் போறாப்போல ஒளிஞ்சீக்கி" என்று சொல்லி, கோளாறை வெளியே எடுப்பதற்காக ஒரு ஸ்குருவை இளக்கினார். 'கடக்' என்றது.

"பாத்தீங்களா? வந்திட்டு!"

வந்தது போகவில்லை. அதைத் திருத்த இன்னொரு ஸ்குருவை இறுக்கினார். சங்கிலி கழன்று விழுந்தது. அதைப் போட சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஜின் வந்தது.

ஜின்னை நான்தான் கண்டுபிடித்தேன். ஹேண்டிலில், கை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது மோட்டர் கொஞ்சம் உதவி செய்ய அதை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். கவிழ்த்து வைத்தால் அது சிமெந்துத் தரையில் அழுந்துகிறது.

"அப்ப பெட்டரியக் கழட்டுவோம்" என்றார் வாப்பா. அது பூட்டியிருந்தது; பூட்டுக்கு ஒரு திறப்பு இருந்தது. அது மஹத்தயாவின் வீட்டில் இருந்தது.

உம்மாவின் உடுப்புக் காயப்போடும் கயிற்றால் சைக்கிளைக் கூரை வளைமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். றோட்டால் போகிறவன் பலகை இடுக்கால் பார்த்தாலும் தெரியாதபடி, கடையில் இல்லாமல் பின்னால் சமைக்கிற குசினியில். கயிறு இழுபட்டு, சங்கிலியைத் தாங்குகிற குட்டிக் கை கொஞ்சம் உள்ளே வளைந்தது. இப்போது எந்தக் கியரும் எந்தக் கியருக்கும் போகவில்லை.

"மகள், அந்த போன எடுங்க. வீடியோவில ஒரு வெள்ளக்காரன் சொல்லித் தருவான்."

தேடி எடுத்தேன். தாடி வைத்த ஒருவர், மிகவும் பொறுமையாகப் பேசினார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க வாப்பா திருப்புளியோடு கதிரையில் ஏறி நின்றார். "எலக்ட்ரிக் சைக்கிளில் கியர் மாற்றும்போது மிதியை அழுத்தாதீர்கள், காலை லேசாக்குங்கள்" என்றார் அவர். பிறகு, "இந்த ஸ்குருவைத் தொடுவதற்கு முன்னால், மிக முக்கியமாக, ஒருபோதும்..." என்றார். படம் உறைந்தது.

"ஒருபோதும் எனத்த?"

"தெரியா வாப்பா. நிண்டுட்டுது."

"நீங்க முடிச்சிச் சொல்லுங்கோ!"

அரசாங்கம் போனில் ஒவ்வொன்றாய் முடக்கிக்கொண்டிருந்தது. வட்ஸ்அப்பும் போனது, எல்லாம் போனது. மிச்சமிருந்த சிக்னலில் அந்தத் தாடிக்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார். வாப்பா அரை மணித்தியாலம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒருபோதும் செய்யக்கூடாத அதையே செய்தார் என்று நினைக்கிறேன். 'டங்' என்று ஒரு ஸ்ப்ரிங் பாய்ந்து அரிசிப் பானைக்குள் விழுந்தது.

"கியர் போனாப் போகுது, சீட்டையாவது ஒழுங்காக் கொடுப்போம்" என்றார் உம்மா. எங்கள் நல்ல கதிரையின் மெத்தையை வெட்டி, பூப்போட்ட ஜன்னல் சீலையில் உறை தைத்து, விளிம்புக்கு லேஸும் வைத்தார். ரேஸ் சைக்கிள் இப்போது கலியாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை காலை நாலு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். எட்டரைக்கு ஒரு கார் வந்து நின்றது. விஜேகோன் மஹத்தயா. முன்சீட்டில் அவருடைய மனைவி, நோனா என்றுதான் கூப்பிடுவோம்.

வாப்பா அவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கயிற்றில் தொங்கும் சைக்கிள், பூ மெத்தை, அரிசிப் பானை, எல்லாவற்றையும் காட்டினார். சிங்களத்தில் சொல்லத் தொடங்கியவர் பாதியில் தமிழுக்கு மாறி அழுதுவிட்டார். "வீட்ட வித்தாவது புதுசு எடுத்துத் தாறேன் மஹத்தயா. ஆனா வெளியில யாருக்கும் சொல்லிடாதீங்க."

மஹத்தயா நீண்ட நேரம் மெத்தையையே பார்த்தார். அவருடைய மீசை துடித்தது.

"முதலாளி, இதை ஏன் இங்க தூக்கிக் கட்டினீங்க?"

"பாதுகாப்புக்கு."

"கழட்டுங்க. முன்னால கொண்டுபோய் வெச்சு, பலகை ரெண்டைத் திறந்து விடுங்க. திருத்த வேணாம். இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும்."

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மா ஓடிப்போய்த் தேத்தண்ணி வைத்தார். காரில் இருந்த நோனாவுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கியர் முழுசாப் பழுதாப் போச்சு நோனா, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

நோனா கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் கியரில ஒரு கோளாறும் இருக்கல்ல மகள். முழங்கால் வலியால இவர் அந்த சைக்கிள்ல ஏறினதே இல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு போன் கோல் வந்தது. போன வெச்ச உடனே, 'ஹலீம்ட கடையில நம்மட சாமான் ஒண்டு இருக்கணும்'னு சொல்லி உருட்டிக்கொண்டு போனார். அதுக்குப் பிறகு சந்திக்குப் போய்ப் பொடியன்களிட்டச் சொல்லிட்டு வந்தார், அந்தக் கடையில கை வெச்சா என்ட சைக்கிள்ல கை வெச்ச மாதிரின்னு."

வாப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கழற்றிய சைக்கிளைக் கடை வாசலில் வைத்துவிட்டு, மஹத்தயாவுக்காக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, நாலு நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் குறட்டை விட்டுத் தூங்குகிறார். நான் விழித்திருக்கிறேன். ஹுஸைன் நாநாவின் கடைப் புகை இன்னும் தலையணையில் மணக்கிறது.

கலவரம் வந்தது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவருக்குக் கோல் எடுத்துச் சொன்னது யார்?