கோப்பையும் குப்பையும்

பார்சல்காரர் வீட்டுக்கே ஒரு பார்சல் வந்தது. சனிக்கிழமை காலை. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வரும் பெட்டிகளையும் ஊரைவிட்டுப் போகும் பெட்டிகளையும் பிரித்து அனுப்புகிற கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அதனால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஒரு பெட்டியைத் தூக்கினால் போதும், உள்ளே இருக்கும் சாமானோடு அனுப்பியவரின் குணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். வாயில் பிரஷ்ஷோடு இந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"காலிப் பெட்டி. அனுப்பினவன் மறதிக்காரன்."

அவர் மனைவி கத்தரியால் டேப்பைக் கீறினாள். உள்ளே அமுங்கிக் கிடந்த பபிள் ராப் புஸ்ஸென்று எழுந்து நின்றது. அதன் மடிப்பிலிருந்து தெர்மகோல் உருண்டைகள் கிளம்பின. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிஷத்தில் வீடு முழுக்க வெள்ளை. அவர் மீசை நுரையில் மட்டும் நாலு உருண்டை.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு. மனைவி உரக்கப் படித்தாள்.

"அம்மா, நீங்கள் செய்த கோப்பை ரொம்ப அழகு. தினமும் அதில்தான் டீ குடிக்கிறேன். ஆனால் ஒரு கோப்பைக்கு இத்தனை குப்பையா? கோப்பை என்னுடையது, வைத்துக்கொண்டேன். குப்பை உங்களுடையது, அனுப்பிவிட்டேன்."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். குற்றவாளி அவர்தான்.

அவள் பின்கட்டு அறையில் மண் பிசைந்து, கையாலேயே கோப்பை செய்கிறவள். மெல்லிய கோப்பை. அதற்கு அதைவிட மெல்லிய ஒற்றைக் காது. செய்வது அவள், கட்டி அனுப்புவது அவர். அவர் கட்டினால் கட்டியதுதான். மூன்று சுற்று பபிள் ராப், நாலு பக்கமும் தெர்மகோல், அதற்கு மேல் டேப், டேப் பிரியாமலிருக்க இன்னொரு டேப். வாங்கியவர்கள் கோப்பையைப் பார்ப்பதற்குள் டீ ஆறிவிடும்.

"என்னங்க, இனிமே நம்ம வீட்டுலேர்ந்து பிளாஸ்டிக் ஒரு துண்டு வெளிய போகக் கூடாது" என்றாள் மனைவி.

"அப்புறம் எதுல சுத்தறது?"

"காகிதம் இருக்கு. பழைய அட்டை இருக்கு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட வெட்டுத்துணி மூட்டை மூட்டையா இருக்கு."

"காகிதத்துல சுத்தினா அதுக்குப் பேரு பார்சல் இல்லம்மா, பொட்டலம்."

"மேல 'உடையும் பொருள்'னு பெரிசா எழுதிடறேன்."

அவர் சிரித்தார். "அதைப் படிச்சா எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? உடையுமான்னு பார்ப்பாங்க."

"காது கொடுத்துக் கேளுங்களேன்."

"காது உடையும்னுதானே நான் கத்தறேன்!"

வெளியே இப்படி வீறாப்பாகப் பேசினாலும், அவருக்கு உள்ளே வேறொரு கணக்கு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல்முதலாக ஆறு கோப்பைக்கு ஆர்டர் வந்தது. அவளே ஆசையாகச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தபோது ஆறு அறுபதாகியிருந்தது. அவள் அழவில்லை. மண் தொட்டியை ஈரத்துணியால் மூடினாள், ஒரு மாதம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அவள் பார்க்காத நேரம் பார்த்துத் தினமும் அந்தத் துணியில் தண்ணீர் தெளித்துவந்தது அவர்தான். மண் காய்ந்துவிட்டால் ஆசையும் காய்ந்துவிடும் என்று பயம். அப்புறம்தான் தன் உயரத்துக்கு ஒரு பபிள் ராப் சுருளை வாங்கித் தோளில் சுமந்து வந்தார். காரணம் கேட்டதற்கு, "இதெல்லாம் விஞ்ஞானம், உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டார்.

இப்போது விஞ்ஞானத்துக்கு ஆபத்து வந்திருந்தது. வெளியூரில் புதிதாகத் திறக்கப்போகும் டீக்கடை ஒன்று அறுபது கோப்பை கேட்டிருந்தது. பிளாஸ்டிக் ஒரு இழைகூட வரக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. வருகிற புதனுக்கு அடுத்த புதன்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அறுபதும் நொறுங்கினால் அவள் மறுபடி தொட்டியை மூடிவிடுவாள். இந்தத் தடவை எத்தனை மாதமோ.

யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு திட்டத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"ஒரே ஒரு கோப்பை. உன் இஷ்டப்படி கட்டு. உன் தம்பிக்கு அனுப்பு. அவன் பிரிக்காம அப்படியே திருப்பி அனுப்பட்டும். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். உடைஞ்சுதுன்னா டீக்கடைக்காரங்ககிட்ட நான் பேசறேன், பபிள் ராப் நம்ம வீட்டுலயே இருக்கும்."

"உடையலைன்னா?"

"உடையலைன்னா ஆயுசு பூரா நீ சொல்ற மாதிரியே கட்டறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"வாயைத் திறக்க மாட்டீங்களா?" அவள் முகம் மலர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அக்கா, கேட்டுச்சா? நீங்கதான் சாட்சி."

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் நின்றது. "நல்லாக் கேட்டுச்சு" என்றாள் தையல்கார அக்கா. "வாயைத் திறக்க மாட்டேன்னு தம்பி வாயாலயே சொன்னாரு."

"ஆனா ஒண்ணு" என்றாள் மனைவி. "உங்க கிடங்கு வழியாத்தான் போகும். நீங்க அதைத் தொடக் கூடாது."

"தொடறதா? அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சத்தியம்."

சத்தியம் செய்வதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர் தொட வேண்டிய அவசியமே இல்லையே. மச்சான் ஊருக்குப் போகிற பெட்டிகளை எடுத்துப்போடுகிறவன் 'பவுலர்'. பெல்ட்டில் வரும் பெட்டியை எடுப்பான், கையைச் சுழற்றுவான், எட்டடி தள்ளி நிற்கும் வண்டியில் வீசுவான். குறி தப்பியதே இல்லை. பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். உள்ளே இருப்பதற்கு அவன் பொறுப்பில்லை. ஒரு கோப்பை உடைந்தால் அறுபது பிழைக்கும் என்பதுதான் பார்சல்காரரின் திட்டம்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்தப் பெட்டி பெல்ட்டில் வந்தது. அவருக்குத் தெரிந்த கையெழுத்து. வலது பக்கம் லேசாகச் சாய்ந்து, அவசரமாக எங்கோ கிளம்பிப் போகிற மாதிரி எழுத்துகள். மேலே 'உடையும் பொருள்' என்றெல்லாம் இல்லை. 'மெதுவா' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அவர் சொன்ன சொல் தவறாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பெல்ட் வளைவில் குலுங்கியது. பெட்டிக்குள் ஏதோ உருண்டது.

லொடக்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கமுள்ள காது அது. ஒழுங்காகக் கட்டிய பெட்டி பேசாது. இது பேசுகிறது. 'அடிப் பாவி, இறுக்கி அடைக்கவே இல்லையே! காகிதமும் துணியும்னு அன்னைக்கு அத்தனை பேச்சுப் பேசினியே, ரெண்டு பிடி சேர்த்துத் திணிக்கக் கூடாதா?' இன்னொரு லொடக். இந்தத் தடவை அது பெட்டிக்குள் கேட்டதா, தன் நெஞ்சுக்குள் கேட்டதா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதவு சாத்திய அந்த மண் அறை கண்முன் வந்தது.

திரும்பினார். பவுலர் பெட்டியோடு கையைச் சுழற்ற ஆரம்பித்திருந்தான்.

"டேய், நில்லுடா!"

கை அந்தரத்தில் நின்றது. "என்னண்ணே?"

"அதை இப்படிக் கொடு."

"உடையற சாமானா?"

"அது உடைஞ்சா நானும் உடைஞ்சேன். கொடு."

இரண்டு கையாலும் வாங்கினார். லாரி வரும்வரை தன் நாற்காலியில் பெட்டியை உட்காரவைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். லாரி வந்ததும் ஓட்டுநரிடம் தானே கொண்டுபோனார்.

"பின்னாடி போடுங்கண்ணே" என்றான் ஓட்டுநர்.

"பின்னாடி குலுங்கும். உன் பக்கத்து சீட்டுல வை. பெல்ட் போடு."

"நானே பெல்ட் போட்டதில்லைண்ணே."

"நீ போடாட்டி போ. இதுக்குப் போடு."

அத்தோடு விட்டிருந்தாலாவது மானம் மிஞ்சியிருக்கும். வழியில் இருந்த கிடங்கின் மேலாளர் பழைய சிநேகிதர். அவருக்கு மூன்று முறை போன் செய்தார். புதன்கிழமை, மச்சான் ஊரில் வீடு வீடாகப் பெட்டி கொண்டுபோகிற ஆளின் எண்ணைத் தேடிப் பிடித்தார். "அந்தத் தெருமுனையில ஒரு பள்ளம் இருக்கும், பார்த்துப் போங்க" என்றார். அவர் அந்தத் தெருவுக்குப் போய் நாலு வருஷமாகிறது.

பெட்டி திரும்பி வரும் நாளில் கிடங்கு வாசலிலேயே நின்றார். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "கத்தாதீங்கண்ணே, உங்க குழந்தை இப்பத்தான் தூங்குது" என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி ஒரு ஸ்கூட்டரில் ஏறி அவர் வீட்டுக்கே கிளம்பியது. அவர் சைக்கிளில் பின்னாலேயே போனார். "மெதுவா, மெதுவா" என்று தெருமுனைவரை மூச்சிரைக்கக் கத்திக்கொண்டே போனவர், அங்கே ஒரு சுவருக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றார். அப்புறம் முகத்தைத் துடைத்து, ஒன்றும் அறியாத கணவனாக வீட்டுக்குள் நுழைந்தார்.

மேஜைமேல் பெட்டி. தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு நீதிபதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உடைஞ்சுதான் இருக்கும்" என்றார் அவர். "மனசைத் தேத்திக்கோ."

மனைவி காகித டேப்பைக் கிழித்தாள். மூடியைத் திறந்தாள். கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். முழுசாக இருந்தது. காதும் முழுசாக இருந்தது.

பந்தயத்தில் தோற்றவர் முகம் வாட வேண்டும் அல்லவா? அவர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த அக்காவின் துணி அளவுச் சீட்டுகள் பறந்தன.

அப்புறம்தான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். காகிதம் இல்லை. துணி இல்லை. அட்டைத் துண்டு இல்லை. வெறும் பெட்டி.

"பேக்கிங் எங்க?"

"வைக்கலைங்க."

"வைக்கலையா? ஒண்ணுமே வைக்காமலா அனுப்பினே? அப்ப இது எப்படி உடையாம வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அவள், கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "எப்படிங்க வந்துச்சு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி போன் பண்ணினான்" என்றாள் மனைவி. அவள் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லித்தருகிறவன் வாயில் மட்டும் பிரேக் கிடையாது. "பெட்டி கொண்டு வந்தவரு ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நின்னாராம். அவரு பாக்கெட்டுல போன் ஓடிக்கிட்டிருந்துச்சாம். அதுக்குள்ளேருந்து யாரோ 'வெச்சாச்சா, கீழ வெச்சாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். மாமா குரல் மாதிரி இருந்துச்சுக்கான்னான். தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"தொடலை" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "பிடிச்சேன்."

பிறகு திடீரென்று ஒரு சட்ட நுணுக்கம் தோன்றித் தலையை நிமிர்த்தினார். "இந்தப் பந்தயம் செல்லாது! பேக்கிங்கே இல்லாம பேக்கிங் ஜெயிச்சுதுன்னு எப்படிச் சொல்லுவே?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். குப்பையைத் திருப்பி அனுப்பியவர் முதல் ஆள் இல்லை. அதற்கு முன்பே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்காமல் பழைய அட்டையை வலை மாதிரி கீறி, வெட்டுத்துணியை இடுக்குகளில் அடைத்து, அவர் கிடங்கு வழியே போகாத வேறு கம்பெனியில் பன்னிரண்டு கோப்பைகளை அனுப்பிப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததாகப் பன்னிரண்டு கடிதங்கள்.

"பேக்கிங்குக்கு வெச்ச பரீட்சை போன மாசமே முடிஞ்சுதுங்க."

"அப்ப இது?"

"இது ஆளுக்கு வெச்ச பரீட்சை. அறுபது கோப்பை. என் ஒருத்தியால முடியாது. அவசரக்காரங்க கட்டினா உடையும், கூலிக்குக் கட்டினாலும் உடையும். உடைஞ்சுடுமேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கிற ஆள் வேணும். பெட்டி கட்டறதுக்கு ஆள் தேடினேன், கட்டிக்கிட்ட ஆளே கிடைச்சுட்டாரு."

"பாஸ்" என்றாள் அக்கா, அளவு நாடாவைச் சுருட்டியபடி.

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். அட்டையை எப்படிக் கீறுவது, எந்தத் துணி அமுங்கும், எந்தத் துணி அமுங்காது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒரு கோப்பையை எடுத்து, அதன் காதைச் சுற்றி மட்டும் துணியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தார். பெட்டியை மூடி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பேசவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தோற்றாலும் ஆண்பிள்ளை கொஞ்சம் கெத்தை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும்தான் நான் உன் ஆளு. திங்கட்கிழமை கிடங்குக்குப் போயாகணும். நான் இல்லாம அங்க ஒரு பெட்டி நகராது."

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் உங்களுக்கு லீவுங்க. உங்க மேலாளர்கிட்ட நானே கேட்டுட்டேன்."

"நான் இல்லாம அங்க முடியாதுன்னு அவரு சொல்லலை?"

"'தாராளமா வெச்சுக்கங்கம்மா, இந்த வாரம் பூரா அவரு உங்க ஒரு பெட்டிக்குத்தான் வேலை பார்த்தாரு'ன்னாரு."