கல்யாணப் போட்டோவில் சிவப்பு அம்புகள்

பிள்ளைகளே, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம், தப்பில்லை. சொந்தக்காரர்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு. நான் கொடுத்தேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தோலில் கீறல் தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். (இருபது வருஷப் பழக்கம். வீட்டில் தோசை கருகினாலும் கை பாக்கெட்டுக்குப் போகும்.)

ஒன்பதாவது படிக்கும் மகள் நிலாவுக்கு மறுநாள் பரீட்சை. மனிதன் கெட்டுப்போவதற்கு மட்டும் இங்கிலீஷில் இத்தனை வார்த்தையா! கரப்ஷன், டெகடன்ஸ், டிப்ரேவிட்டி... ஒன்றும் மனதில் நிற்காமல் அழுதுவிட்டாள். உடனே எங்கள் கல்யாணப் போட்டோவை இறக்கி, அதில் இருப்பவர்கள் மேல் அம்பு ஒட்டி, ஒவ்வொரு அம்பிலும் ஒரு வார்த்தை எழுதினோம். என் சித்தப்பா கரப்ஷன். என் மனைவி செல்வியின் அண்ணன் டிப்ரேவிட்டி. (பாவம், வெற்றிலைகூடப் போடாத மனுஷன். ஆனால் புதுவீட்டு விசேஷத்துக்கு நேரில் அழைக்காமல் போனில் சொன்னேன் என்று இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இன்றைக்கா வரப்போகிறார் என்ற தைரியம்.) ஐந்தே நிமிஷத்தில் நிலா எல்லாம் ஒப்பித்தாள். போட்டோவை அப்படியே மாட்டினேன்.

சாயங்காலம் மச்சான் வந்துவிட்டார். கையில் தாம்பாளம், அதில் அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் எடுக்க ஓடினாள். நாற்காலியில் உட்கார்ந்த மச்சான் நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தார். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர்.

“இன்னா மாப்ள இது? நான் டிப்ரேவிட்டியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா துள்ளி வந்தாள். “ஆமா மாமா! ஒழுக்கம் மொத்தமா கெட்டுப்போறது!”

மச்சான் தாம்பாளத்தோடு எழுந்துவிட்டார்.

“அண்ணா, போய்டாதண்ணா...” செல்வி சொம்போடு குறுக்கே வந்து நின்றாள்.

அவர் வாசலுக்குப் போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவுக்குக் கிட்டே போனார். “மாப்ள மேல மட்டும் இன்னா மூணு அம்பு?”

“அதெல்லாம் ரொம்ப மோசமான வார்த்தை மாமா. மத்தவங்களுக்கு வேணாம், என் மேலயே ஒட்டுன்னு அப்பாதான் சொன்னாரு.”

மச்சான் என்னையே பார்த்தார். மீசை ஆடியது. அப்புறம் வயிறு ஆடியது. “போன்ல கூப்ட்டதுக்கு நாலாவது ஒண்ணு ஒட்டணும் உங்களுக்கு!” என்று சிரித்தபடி தாம்பாளத்தைத் தங்கச்சி கையில் கொடுத்தார்.

இப்போதெல்லாம் வாரம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். நான் எடுத்தால் ஒரே வரிதான்: “டிப்ரேவிட்டி பேசுறேன், தங்கச்சிகிட்ட குடுங்க.”