நெடுந்தீவில் ஓர் ஓய்வு நாள்

நீண்ட நடைப்பயணம் போகிறவர்களுக்கு இடையிடையே ஓய்வு நாள் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நடக்கப் பழகாதவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பஸ் தரிப்பிடத்துக்கு முன்னூறு மீற்றர் நடக்க வேண்டுமென்றால் ஓட்டோ பிடிக்கிறவன். இப்படிப்பட்டவனிடம் ஒரு நேர்த்திக்கடன் நடையின் பொறுப்பை ஒப்படைத்தது யார் என்று கேட்பீர்கள். யாரும் ஒப்படைக்கவில்லை, நானாகவே பறித்துக்கொண்டேன்.

அத்தானுக்கு (என் அக்காவின் கணவர்) இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்த அன்று, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அக்கா ஒரு நேர்த்தி வைத்தாள். அவர் பிழைத்து எழும்பினால், கிளிநொச்சி வீட்டுப் படலையிலிருந்து வாகனம் ஏறாமல் நடந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவாள். தேரன்று அம்மனின் தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி ஏந்தி வீதி சுற்றுவாள். அத்தான் அவளுக்குப் பக்கத்தில் நடந்து வருவார். (கடல் கிடக்கிற துண்டுக்கு மட்டும் படகு. அம்மனுக்கும் அது தெரிந்த விடயம்தான்.) அத்தான் எழும்பினார். அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு ஏலாது என்றபடியால் தேருக்கு முதல் நாள் வான் ஒன்று பிடித்து வந்து நயினாதீவில் எங்களைச் சந்திப்பதாக முடிவானது.

ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் வழிக்கு அக்காவிடம் இருந்த திட்டம் இவ்வளவுதான்: “விடிய வெளிக்கிட்டு, வெயில் ஏற முதல் எங்கையாவது இருந்து, பின்னேரம் பேந்து நடக்கிறது.”

அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய பயணங்களுக்கு அட்டவணை போடுவதுதான் என் தொழில். இரண்டு கிழமை லீவு எடுத்தேன். பத்து நாளுக்கு நிறம் நிறமாக ஓர் அட்டவணை தயாரித்து, மழை பட்டாலும் அழியாதபடி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோனேன். பச்சை, நடை. மஞ்சள், ஓய்வு நாள். நீலம், பார்க்க வேண்டிய இடங்கள். ‘மாலை 4.10 - 4.40: பண்ணைக் கடலில் சூரியன் மறைதல்’ என்று ஒரு நீலக் கட்டம் இருந்தது. (சூரியன் அந்த நேரத்தில் மறைவதில்லை என்பதை அங்கே போய் நின்றுதான் கண்டுபிடித்தேன்.)

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தம்பி, நான் நேர்த்திக்கு நடக்கிறன். ஊர் பாக்கப் போகேல்லை.”

“ஓய்வெடுத்தால்தான் அக்கா கடைசி மட்டும் கால் தாங்கும். உதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு.”

“ஆர் சொன்னது?”

“இன்ரநெற்றிலை வாசிச்சனான்.”

அதை எழுதியவர் எழுதாமல் விட்ட ஒன்று இருந்தது. நடந்துகொண்டே இருக்கிற கால் நோவை மறந்திருக்கும், ஒரு நாள் இருக்கவிட்டால் எல்லாவற்றையும் நினைத்துக்கொள்ளும். பளையில் முதலாவது மஞ்சள் நாள் முடிந்து அடுத்த நாள் விடிய அக்கா சுவரைப் பிடித்துத்தான் எழும்பினாள். யாழ்ப்பாணத்தில் இரண்டாவது மஞ்சள் நாளில் கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். அக்காவின் குதிக்காலில் கொப்புளம் உடைந்தது. ஆனாலும் அவள் என்னிடம் ஒரு சொல் முறைப்பாடு சொல்லவில்லை. நான் அதைத் திட்டத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். (இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். தங்குமிடம் ஒழுங்குபண்ணுகிறேன் என்று சொல்லி நான் பாதி வழி மோட்டார் சைக்கிளில்தான் போனேன்.)

வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது தேருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைய கட்டம் மஞ்சளும் நீலமும் சேர்ந்தது: ‘ஓய்வு நாள். நெடுந்தீவு. மாலைப் படகில் திரும்புதல்.’

அந்தத் துறையில் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு. கண்ணுக்கு முன்னால் கோபுரம் தெரியும், சின்னத் தூரம். மற்றது நெடுந்தீவுக்கு, திறந்த கடலில் ஒரு மணித்தியாலம். அக்கா நேரே நயினாதீவு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

“இண்டைக்கே போய் மடத்திலை இருப்பம் தம்பி. கோயில் வீதியைக் கூட்டிக்கொண்டு இருந்தாலும் காணும்.”

“அக்கா, நயினாதீவு எங்கையும் ஓடிப் போகாது. ஒரு பகல்தானே. பெருக்கமரம், குதிரையள், வளருற கல்லு எல்லாம் பாத்திட்டுப் பின்னேரம் வந்திடலாம்.”

படகுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, சோளகம் தொடங்கீற்றுது. போறது போகும். வாறதுக்கு நான் சொல்ல ஏலாது.”

சோளகம் என்பது தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் அடிக்கிற காற்று. தீவில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். நானும் ஒரு தீவில் பிறந்தவன்தான், ஊரின் பெயர் சுருவில். ஆனால் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை, நாங்கள் கடலைக் கண்டதெல்லாம் கரையில் நின்றுதான். பத்து வயதில் வவுனியாவுக்குப் போனபிறகு எனக்குத் தெரிந்த ஒரே காற்று அலுவலக மின்விசிறி. இருந்தும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“நானும் தீவான்தான் அண்ணை. சுருவில்.”

அவர் திரும்பவும் கயிற்றுக்குக் குனிந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து நெடுந்தீவு வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கையைப் பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

படகு ஆழத்துக்கு வந்ததும் நான் சத்தி எடுத்தேன். வாந்தியை ஏந்தக் கைக்கு அகப்பட்டது அட்டவணைதான். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

நெடுந்தீவில் சுற்றிப்பார்க்கிறவர்கள் ஓட்டோவோ பிக்கப்போ பிடிப்பார்கள். ஆனால் அக்கா வாகனம் ஏறக் கூடாது. பயணம் முழுக்க நினைவிருந்த இந்த நிபந்தனை, நெடுந்தீவுக்குத் திட்டம் போட்டபோது மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது. ஆகவே கொப்புளம் உடைந்த காலோடு, கொதிக்கிற வெயிலில், அக்கா, ஆனைபோல் அடி பருத்த பெருக்கமரத்துக்கு நடந்தாள். வருடா வருடம் வளர்கிறதாகச் சொல்லும் கல்லுக்கு நடந்தாள். கோட்டைக்கு நடந்தாள். தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்காக ஒரு வெளியில் நின்றோம், அவை எங்களைக் கண்டதும் மறுபக்கம் போய்விட்டன. எல்லாவற்றையும் அக்கா மரியாதைக்காகப் பார்த்து “நல்லாயிருக்கு தம்பி” என்றாள். அந்தப் பத்து நாளில் அவள் ஆகக்கூடத் தூரம் நடந்த நாள், நான் ஓய்வு நாள் என்று மஞ்சள் அடித்த நாள்தான்.

பின்னேரம் துறைக்கு வந்தால் படகு இல்லை. அடுத்த நாளும் இல்லை. கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது.

துறையில் திகைத்து நின்ற எங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் யோசப் அண்ணை. மாடு வளர்க்கிறவர், ஒரு வள்ளமும் வைத்திருந்தார். அக்காவின் நேர்த்தியைக் கேள்விப்பட்டதும் அவர் மனைவி குசினியிலிருந்த மீன் சட்டியை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மரக்கறி சமைத்தா. நான் யோசப் அண்ணையை வளவின் மூலைக்குக் கூப்பிட்டு, வள்ளத்தில் நயினாதீவுக்கு விட முடியுமா என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரரைக் கொண்டு போறதெண்டால் உயிரைப் பிடிச்சுக்கொண்டு போவம். உதுக்குப் போக ஏலாது தம்பி. புருசனைக் காப்பாத்தின நேர்த்திக்குப் பெண்சாதியைக் கடலிலை விடுறதே?”

தேருக்கு முதல் நாள் பின்னேரம் அத்தான் நயினாதீவில் இறங்கி (அந்தச் சின்னத் தூரத்துக்குப் படகு ஓடியது) எங்களைத் தேடிவிட்டு அழைப்பு எடுத்தார். என்னை எப்போதும் ‘நீர்’ என்று மரியாதையாகக் கதைக்கிறவர்.

“நீர் எங்கை நிக்கிறீர்?”

“நெடுந்தீவிலை, அத்தான்.”

“அவளின்ரை கால் எப்படி இருக்கு?” என்றார். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

தேரன்று விடிய அக்கா கிணற்றில் முழுகி, ஈரச் சேலையோடு வந்தாள். பையிலிருந்த புதுச் சட்டியை எடுத்தாள், யோசப் அண்ணையின் மனைவி வேப்பிலை முறித்துக் கொடுத்தா. “அங்கை தேர் இழுக்கிற நேரம் நான் இங்கை நடக்கிறன்” என்றாள். அத்தான் சனத்துக்குள் நின்று வீடியோ அழைப்பில் தேரைக் காட்டுவது, நான் போனைத் தலைக்குமேல் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போவது, அக்கா அந்தத் திரையைப் பார்த்தபடி பின்னால் வருவது. அப்படித்தான் நான் தேரானேன்.

எனக்குப் பின்னால் என் அக்கா நெருப்போடு. அவளுக்குப் பின்னால் யோசப் அண்ணை குடும்பம். அவர்களுக்குப் பின்னால் இரண்டு மாடு. சிக்னல் கிடைத்த பக்கமெல்லாம்தான் எங்கள் வீதி. தெற்கு வீதி என்று அத்தான் சொன்னபோது நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று படம் உறைந்தது. அக்கா நின்றுவிட்டாள்.

“தேர் நிண்டிட்டுது, தம்பி.”

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் பதறிப்போய் பக்கத்திலிருந்த கல்வேலியில் ஏறினேன். நெடுந்தீவு வேலிகள் பவளக் கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டுகிறவை, இடையில் சாந்து கிடையாது. இரண்டு கோடு சிக்னல் வந்தது. மூன்றாவது கோட்டுக்காகக் கையை உயர்த்தினேன். வேலி என்னோடு சேர்ந்து கீழே வந்தது. தேர் கவிழ்ந்தது.

யோசப் அண்ணை கல்லை விலக்கி என்னைத் தூக்கிவிட்டு, “எங்கடை அப்புவின்ரை காலத்து வேலி” என்று மட்டும் சொன்னார். எங்கோ பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சட்டியை ஏந்தியபடி அதே இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அல்ல, கீழே கிடந்த அந்தக் கறுத்துப்போன திரையைப் பார்த்து. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் அப்படி அழுததை நான் காணவில்லை.

திரை செத்திருந்தது, ஆனால் அத்தானின் சத்தம் வந்தது. “வசந்தா, அழாதை. தேர் நிக்கேல்லை. மேற்கு வீதிக்குத் திரும்புது. நீ நட, நான் சொல்லுறன்.” நான் போனை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். தேர் இருப்பிடத்துக்கு வரும்வரை அந்தக் குரலுக்குப் பின்னால் அக்கா நடந்து முடித்தாள்.

அதன் பிறகும் இரண்டு நாள் படகு இல்லை. அந்த இரண்டு நாளும் வேலியைத் திருப்பி அடுக்கினேன். (இப்போதும் அந்தத் துண்டு மட்டும் கோணலாகத்தான் நிற்கிறதாம்.)

அடுத்த வருடம் அக்கா திரும்ப நடந்தாள். அட்டவணை இல்லை, மஞ்சள் நாள் இல்லை, ஆறாம் நாளே நயினாதீவு மடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தேருக்குப் பின்னால் அத்தானோடு நடந்தாள். அந்த முறை நானும் முழு வழியும் நடந்தேன். குறிகட்டுவானில் எங்களைக் காத்து நின்ற அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நயினாதீவுப் படகு துறையை விட்டு விலகும்வரை விடவில்லை. இப்போது சொந்தத்தில் யாராவது வான் பிடித்து எங்கேயாவது போனால், “தேர் மாமாவிட்டைக் கேட்டிட்டியளோ?” என்பதுதான் முதல் கேள்வி. அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கும் எனக்கு வேறு பெயர் தெரியாது.

கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வது அக்காதான். சத்தி எடுத்தது, குதிரை ஓடினது, வேலி விழுந்தது எல்லாம் கை காட்டிச் சொல்வாள், கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வேலி விழுந்ததோடு கதையை முடித்துவிடுவாள். தான் நின்று அழுத இடத்தை ஒருநாளும் அவள் சொன்னதில்லை. அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எழும்பிப் போவாள்.